பாட்டிலில் எவ்வளவு, காற்றில் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம், புதிதாகப் பெயிண்ட் அடித்த அறையில் எத்தனை நாள் கழித்துப் படுக்கலாம் என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ‘ஆவி அழுத்தம்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டேன். அதுதான் வினை. இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் பசையில் டொலுவீன் என்ற கரைப்பான் இருக்கிறது. அதன் ஆவி அழுத்தம் 25 டிகிரியில் 28 மி.மீ. பாதரசம் என்று பாதுகாப்புத் தாளில் போட்டிருக்கிறது. “தண்ணீருக்கே 24, இது 28, பெரிய வித்தியாசம் இல்லையே, எக்ஸாஸ்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு?” என்கிறார் மேனேஜர். என்ன சொல்வது சார்?

மேனேஜர் சொன்ன எண்கள் இரண்டும் சரி. அவர் அதிலிருந்து போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

ஒரு பாட்டிலில் பாதி டொலுவீனை ஊற்றி மூடி வைத்தால், திரவத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவி மேலே கிளம்பும், மேலே போனதில் கொஞ்சம் திரும்பி வந்து திரவத்திலேயே விழும், ஒரு கட்டத்தில் போவதும் வருவதும் சமமாகிவிடும். அந்த நிலையில் மேலே இருக்கும் ஆவி மட்டும் கொடுக்கும் அழுத்தம்தான் ஆவி அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் மொத்த அழுத்தம் 760 மி.மீ. என்றால், பாட்டிலுக்குள் அதில் 28 டொலுவீனுடையது. 28-ஐ 760-ஆல் வகுத்தால் 3.7 சதவீதம், அதாவது பத்து லட்சம் பங்கில் கிட்டத்தட்ட 37,000 பங்கு, 37,000 பி.பி.எம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு டொலுவீனுக்கு வைத்திருந்த வரம்பு 100 பி.பி.எம். பாட்டிலுக்குள் இருப்பது அதைப்போல 370 மடங்கு. தண்ணீருக்கும் இதே கணக்கைப் போடுங்கள், 3 சதவீதம் வரும். சென்னைவாசிகள் வருஷம் பூராவும் அதைத்தான் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், வியர்க்கிறது என்பதைத் தவிர வேறு புகார் இல்லை. ஆவி அழுத்தத்தைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, அதன் பக்கத்தில் அந்தப் பொருளின் வரம்பை வைத்த பிறகுதான் அது பேசும்.

“ஹால் பெரிசு, பாட்டில் மாதிரி நிரம்பாதே” என்பார். நிரம்ப வேண்டியதே இல்லை. நீளம் 4 மீட்டர், அகலம் 3, உயரம் 3 உள்ள ஓர் அறை, 36 கன மீட்டர். அதில் 100 பி.பி.எம். வர எவ்வளவு டொலுவீன் ஆவியாக வேண்டும் தெரியுமா? சுமார் 16 மி.லி. இருமல் டானிக் மூடியில் ஒன்றரை மூடி. உங்கள் ஆட்கள் ஒரு ஷிப்டில் எத்தனை டப்பா பசை காலி செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், பசையில் உள்ள கரைப்பான் அத்தனையும் காற்றுக்குப் போனால்தான் பசை காயும்.

அப்புறம் இன்னொன்று. அந்த 28 என்பது 25 டிகிரிக்கு. மே மாத ஆம்பூரில், தகரக் கூரைக்குக் கீழே 25 டிகிரி எங்கே இருக்கிறது? 40 டிகிரியில் டொலுவீனின் ஆவி அழுத்தம் 59, இரண்டு மடங்குக்கு மேல். எக்ஸாஸ்டைக் கூரையில் மாட்டி விடாதீர்கள், அது பசைத் தட்டிலிருந்து கிளம்பும் ஆவியைக் குனிந்து வேலை செய்கிற பெண்களின் மூக்கு வழியாக மேலே இழுத்துக்கொண்டு போகும். தட்டுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ, மேஜை உயரத்திலேயே இழுவை இருக்க வேண்டும். “இப்போ வாசனையே தெரியலை சார், பழகிடுச்சு” என்று யாராவது சொன்னால் ஆவி குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, மூக்கு மரத்துவிட்டது என்று அர்த்தம்.

மதுரையில் கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தின்னரில் நாலைந்து சரக்கு கலந்திருக்கும், ஆனால் தாளில் ஒரே ஓர் ஆவி அழுத்தம்தான் போட்டிருக்கிறது. எதனுடையது அது?

மொத்தக் கலவையினுடையதாக இருக்கலாம், அதில் அதிகமாகப் பறக்கும் சரக்கினுடையதாகவும் இருக்கலாம். எழுதியவரைக் கேட்டால்தான் தெரியும். பல தாள்களில் அதை எழுதியவருக்கே தெரியாது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, டிரம்மில் உள்ள விகிதம் காற்றில் இருக்காது. ரவூல்ட் விதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: ஒவ்வொரு சரக்கும் தன் ஆவி அழுத்தத்தில், கலவையில் தனக்குள்ள மூலக்கூறுப் பங்கு எவ்வளவோ அவ்வளவைக் கொடுக்கும். பத்து மூலக்கூறில் ஒன்று அசிட்டோன், ஒன்பது டொலுவீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோனின் ஆவி அழுத்தம் 25 டிகிரியில் 231, அதில் பத்தில் ஒரு பங்கு 23. டொலுவீனுக்கு 28-ல் பத்தில் ஒன்பது பங்கு, சுமார் 26. திரவத்தில் பத்தில் ஒன்றாக இருந்த அசிட்டோன் ஆவியில் கிட்டத்தட்டப் பாதி. அசிட்டோன் பரவாயில்லை, அதன் இடத்தில் பென்சீனை வைத்துப் பாருங்கள். மலிவான தின்னரில் நூற்றில் ஒரு மூலக்கூறு பென்சீன் ஒளிந்திருந்தாலே மூடிய டப்பாவின் மேல்பகுதியில் 1,200 பி.பி.எம்.முக்கு மேல் நிற்கும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா எட்டு மணி நேரத்துக்கு அனுமதிப்பது 1 பி.பி.எம்., அது புற்றுநோய் தரும் பொருள். ஆகவே தாளில் முதலில் ‘உட்பொருட்கள்’ பகுதியைப் படியுங்கள், ஆவி அழுத்தத்துக்குப் பிறகு வரலாம்.

சென்னையில் ஏற்றுமதிக்கான ரசாயனப் பாதுகாப்பு ஆவணங்கள் தயாரிக்கும் வேலை. கடலூர் பக்கத்திலிருந்து ஒரு புதுப் பொருள் வந்திருக்கிறது: எண்ணெய் மாதிரி திரவம், மூலக்கூறு எடை 280, கொதிநிலை 340 டிகிரி. ஆவி அழுத்தத்தை யாரும் அளக்கவில்லை. கைக்கணக்கில் ஒரு விடை, மென்பொருளில் வேறு விடை, இரண்டுக்கும் ஐந்நூறு மடங்கு வித்தியாசம். எதை எழுதுவது?

கைக்கணக்கு எந்த முறை என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்நூறு மடங்கு என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது, ட்ரௌட்டன் விதிதானே?

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஒரு திரவத்தை அதன் கொதிநிலையில் ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பத்தை, கெல்வினில் உள்ள அந்தக் கொதிநிலையால் வகுத்தால், பெரும்பாலான சாதாரணத் திரவங்களுக்கு ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 88 ஜூல் பக்கத்தில் ஒரே எண்தான் வரும். இது ட்ரௌட்டன் கண்டது. இது கையில் இருந்தால், கொதிநிலை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆவி அழுத்தத்தை மதிப்பிட்டுவிடலாம், ஏனென்றால் கொதிநிலை என்பதே ஆவி அழுத்தம் 760-ஐத் தொடும் வெப்பநிலை, அங்கிருந்து அறை வெப்பநிலைக்குச் சறுக்கிக்கொண்டு கீழே வர வேண்டியதுதான் பாக்கி. கொதிநிலையை அறை வெப்பநிலையால் வகுங்கள் (இரண்டும் கெல்வினில்), ஒன்றைக் கழியுங்கள், 10.6-ஆல் பெருக்குங்கள். முன்னால் மைனஸ் குறி போட்டுக் கால்குலேட்டரில் இ-அடுக்குப் (eˣ) பொத்தானை அழுத்தி 760-ஆல் பெருக்கினால் மி.மீ. பாதரசம்.

டொலுவீனுக்குப் போட்டுப் பார்ப்போம். கொதிநிலை 383.8 கெல்வின், அறை 298. விடை 36. உண்மையில் 28. டீ குடித்துக்கொண்டே பேப்பர் ஓரத்தில் போட்ட கணக்குக்கு இது அமர்க்களம். எத்தனாலுக்குப் போட்டால் 114 வருகிறது, உண்மை 59. தண்ணீருக்கு 53, உண்மை 24. இந்த இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டம், அதனால் விதி சொல்வதைவிடக் குறைவாகத்தான் மேலே விடும். இருந்தாலும் இரண்டு மடங்குப் பிழைதான், பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் ஆளைப் போலவே 340 டிகிரியில் கொதிக்கும், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் டைபியூட்டைல் தாலேட்டை எடுங்கள். மூலக்கூறு எடையும் 278, கிட்டத்தட்ட உங்கள் பொருளின் அண்ணன் தம்பி. ட்ரௌட்டன் கணக்கில் 0.01 மி.மீ. வருகிறது. அளந்து கண்டது 0.00002. அதே ஐந்நூறு மடங்கு!

காரணம் எளிது. ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் எல்லா வெப்பநிலையிலும் ஒன்றுதான் என்று கைக்கணக்கு வைத்துக்கொள்கிறது. உண்மையில் திரவம் குளிரக் குளிர அது கூடிக்கொண்டே போகும். டொலுவீனை 110-லிருந்து 25-க்கு இறக்க 85 டிகிரி சறுக்கல், அதில் அந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. உங்கள் பொருளுக்கு 315 டிகிரி சறுக்கல், பிழையோ அடுக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது, அடுக்கில் கொஞ்சம் பிசகினால் விடையில் சைபர்கள் மாறும். கிரெய்ன் முறை என்பது இந்த வெப்பக் கூடுதலைக் கணக்கில் எடுத்துத் திருத்திய முறை. நீங்கள் பயன்படுத்தியது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகக் கொடுக்கும் எபி சூட் என்று ஊகிக்கிறேன். அது ஆன்டுவான், திருத்திய கிரெய்ன், மக்கே என்று மூன்று முறையிலும் விடை காட்டி, திடப்பொருள் என்றால் கிரெய்னையும், திரவம் என்றால் ஆன்டுவான், கிரெய்ன் இரண்டின் சராசரியையும் பரிந்துரைக்கும். ஆக, கொதிநிலை 150-க்குக் கீழே இருந்தால் கைக்கணக்கு போதும், மேலே போகப் போக அதை ஓரங்கட்டுங்கள்.

அதற்காக மென்பொருளை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். அதற்குக் கொதிநிலையை நீங்கள் கொடுத்தீர்களா, அதுவே ஊகித்துக்கொண்டதா? கொடுக்காவிட்டால் அது மூலக்கூறின் அமைப்பைப் பார்த்துக் கொதிநிலையை ஊகிக்கும், ஊகித்த கொதிநிலையிலிருந்து ஆவி அழுத்தத்தை ஊகிக்கும். ஊகத்தின் தோளில் ஊகம் ஏறி நின்றுகொண்டு தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் காட்டும்.

கொதிநிலை விஷயத்தில் நானே வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஆய்வகத்தின் நோட்டில் ‘கொ.நி. 180’ என்று பார்த்து அப்படியே கணக்கில் போட்டேன். 3 மி.மீ. வந்தது. ‘எளிதில் ஆவியாகும், மூடிய அமைப்பில் கையாளவும்’ என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். எங்கள் பெரியவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், அந்தத் திரவத்தில் ஒரே ஒரு சொட்டை வாட்ச் கிளாஸில் விட்டு என் மேஜை மேலே ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். 3 மி.மீ. உண்மையென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தச் சொட்டு காணாமல் போயிருக்க வேண்டும். நாலு நாள் கழித்தும் கண் சிமிட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தால், 180-க்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக ‘5 மி.மீ.’ வெற்றிடத்தில் வடித்தபோது குறித்த கொதிநிலை அது! 5 மி.மீ. அழுத்தத்தில் 180-ல் கொதிப்பது சாதாரண அழுத்தத்தில் 340 பக்கம் போய் நிற்கும். லட்சம் மடங்குப் பிழை. அன்றிலிருந்து, திரவம் கையில் இருந்தால் முதலில் ஒரு சொட்டு வாட்ச் கிளாஸ், அப்புறம்தான் கம்ப்யூட்டர்.

இனி உங்கள் கேள்வி. எதை எழுதுவது என்பதற்கு முன்னால் எதற்காக எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். 0.01 மி.மீ. என்று வைத்தால், காற்று பூரிதமாகும்போது சுமார் 13 பி.பி.எம்., உங்கள் மூலக்கூறு எடைக்கு ஒரு கன மீட்டரில் சுமார் 150 மில்லிகிராம். 0.00002 என்று வைத்தால் 0.3 மில்லிகிராம். டைபியூட்டைல் தாலேட்டுக்குப் பணியிட வரம்பு 5 மில்லிகிராம் என்று பல நாடுகளில் உண்டு. முதல் எண்ணை எழுதினால் வரம்பைப்போல முப்பது மடங்கு. இரண்டாவதை எழுதினால், அறை முழுக்க அதன் ஆவி முட்டி நின்றாலும் வரம்பைத் தொடவே முடியாது. ஒருவருக்கு மாஸ்க்கும் பல லட்சம் ரூபாய்க் குழாயும் வேண்டுமா வேண்டாமா என்பது இந்த ஐந்நூறு மடங்கில் இருக்கிறது.

“அப்படியானால் பெரிய எண்ணை எழுதிவிடுகிறேன், பாதுகாப்பான பக்கம்” என்று தோன்றும். மூச்சில் போவதை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் அதே எண்ணைத்தான் சுற்றுச்சூழல் கணக்கு போடுகிறவரும் எடுத்துக்கொள்வார். அவருக்கு அது ‘மண்ணிலும் நீரிலும் தங்காது, காற்றில் பறந்துவிடும்’ என்று சொல்லும். தரையில், தூசியில், கையுறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற பொருளை அவர் பறந்துபோனதாகக் கணக்கெழுதிவிடுவார். ஒருவருக்குப் பாதுகாப்பான பக்கம் இன்னொருவருக்குப் பள்ளம். அதனால் நான் செய்வது இது: திருத்திய முறையின் எண்ணை எழுதி, அது மதிப்பீடு என்றும், எந்த முறை, எந்த வெப்பநிலை, கொதிநிலை எங்கிருந்து வந்தது என்றும் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். முடிந்தால், அளந்த மதிப்பு உள்ள ஒரு சொந்தக்காரப் பொருளை (உங்களுக்கு இந்தத் தாலேட்டையே) அதே முறையில் போட்டு, முறை எவ்வளவு தவறுகிறது என்றும் காட்டுவேன். தொழிற்சாலையில் அதை 150 டிகிரிக்குச் சூடாக்குகிறார்களா, ஸ்ப்ரே செய்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். சூடாக்கினால் 25 டிகிரி எண்ணுக்கு மதிப்பில்லை. ஸ்ப்ரே செய்தால் ஆவி அழுத்தத்துக்கே மதிப்பில்லை, துளிகளாகவே மூக்குக்குள் போகும்.

அளந்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்து கேட்டால் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிகாட்டி 104-ன்படி அளக்கக் கொடுங்கள். அதில் ஒரே முறை இல்லை, பல முறைகள் இருக்கின்றன. திரவத்தைக் கொதிக்க வைத்து அளக்கும் முறை அதிக அழுத்தத்துக்கு. உங்களுடையதைப் போன்ற நுண்ணிய அழுத்தத்துக்கு வாயுவைத் திரவத்தின் மேல் மெதுவாக ஓட்டி, அது சுமந்துகொண்டு வருவதைப் பிடித்து அளக்கும் முறை. மாதிரியில் தொழிற்சாலையின் டொலுவீன் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தால்கூட, ஒட்டுமொத்த அழுத்தத்தை அளக்கும் கருவி டொலுவீனைத்தான் அளக்கும், உங்கள் பொருளை அல்ல. தூய்மை எவ்வளவு என்று கேட்காமல் பார்சல் அனுப்பாதீர்கள். நாளைக்கு உருகுநிலை 300 டிகிரிக்கு மேல் உள்ள ஒரு திடப்பொருள் வந்தால், ஐரோப்பாவின் ரசாயனச் சட்டமான ரீச்சே இந்தச் சோதனையை வேண்டாம் என்கிறது, வாடிக்கையாளரின் பணத்தை மிச்சப்படுத்திக் கொடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை, பாஸ்கலா மி.மீ.யா என்று இரண்டு தடவை பாருங்கள். நடுவில் 133 மடங்கு இருக்கிறது.

வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. உலோகம்தானே, ஆவியாகாது என்கிறார் என் கணவர். உண்மையா?

ஆவியாகும் அம்மா. பாதரசத்தின் ஆவி அழுத்தம் 25 டிகிரியில் 0.0018 மி.மீ.தான், டொலுவீனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் பூரிதமானால் அதுவே ஒரு கன மீட்டருக்கு 20 மில்லிகிராம், வேலையிடங்களுக்குப் பரவலாக வைத்திருக்கும் வரம்போ 0.025 மில்லிகிராம். எண்ணூறு மடங்கு. டொலுவீனுக்கு 370 மடங்கு என்று மேலே பார்த்தோமே, அந்தக் கணக்கில் பாதரசம்தான் மோசம். ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளிச் சேர்த்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள், மிச்ச மீதியை ஒட்டும் டேப்பால் எடுங்கள். துடைப்பம் வேண்டாம், வாக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், அது பாதரசத்தைச் சூடாக்கி வீடு முழுக்க ஊதிவிடும்.

கோவையில் லேத் பட்டறை. காலி டிரம்களைக் கேஸ் கட்டிங் செய்து தரச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். “காலிதானே, உள்ளே ஒன்றுமில்லை” என்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். காலி டிரம்தான் நிறைந்த டிரம்மைவிட மோசம்.

டொலுவீன் ஆவி காற்றில் 1.1, 1.2 சதவீதத்திலிருந்து 7 சதவீதம் வரை இருந்தால் பொறி பட்டதும் பற்றும். இருநூறு லிட்டர் டிரம்மில் 1.2 சதவீதம் என்பது 2.4 லிட்டர் ஆவி, அதைக் கொடுக்கப் பத்து மி.லி. திரவம் போதும், இரண்டு டீஸ்பூன். டிரம்மின் அடி விளிம்பு மடிப்புக்குள் அதைவிட அதிகமாகவே ஒளிந்திருக்கும். அதில் ஓர் அழகும் இருக்கிறது (ஆபத்தான அழகு). டொலுவீனின் ஃப்ளாஷ் பாயிண்ட் 4 டிகிரி. 4 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் 8.7 மி.மீ., 760-ஆல் வகுத்தால் 1.1 சதவீதம், அப்படியே கீழ் எல்லை. ஃப்ளாஷ் பாயிண்ட் என்று நாம் தனியாக மனப்பாடம் செய்வது, ஆவி அழுத்தம் எரியும் எல்லையைத் தொடும் இடத்தைத்தான். நம் ஊரில் எந்த மாதத்தில் 4 டிகிரி வருகிறது?

டீசல் டிரம் என்றால் தைரியமாகச் செய்வார்கள். டீசலுக்கு ஃப்ளாஷ் பாயிண்ட் 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதுதான் இங்குள்ள தரம், வெயிலில் கிடந்த டிரம்மே அதைத் தாண்டும், உங்கள் டார்ச் தகரத்தை எத்தனை டிகிரிக்குக் கொண்டுபோகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க மூடியைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் நடக்காது. நீராவியில் கழுவி, உள்ளே எரிவாயு அளக்கும் கருவியை விட்டுப் பார்த்து, வெட்டும் இடம் வரை தண்ணீர் நிரப்பிக்கொண்டு வெட்டுகிறவர்களிடம் அனுப்புங்கள். அந்த வருமானம் போனால் போகட்டும்.

பி.எஸ்சி. படிக்கிறேன். ஸ்டைரீனின் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் 5 மி.மீ.தான். அப்படியென்றால் விசாகப்பட்டினத்தில் அது எப்படி ஊருக்குள் போனது?

நல்ல கேள்வி தம்பி. 2020 மே 7 விடியற்காலையில் அங்கே பிளாஸ்டிக் ஆலையில் ஸ்டைரீன் ஆவி கசிந்தபோது தொட்டியில் இருந்தது 20 டிகிரி ஸ்டைரீன் இல்லை. ஸ்டைரீன் தன்னோடு தானே கைகோத்துப் பாலிமராகும், அப்போது வெப்பத்தை வெளியே விடும், அந்த வெப்பம் கைகோப்பதை இன்னும் வேகப்படுத்தும். இதைத் தடுக்க டி.பி.சி. என்ற தடுப்பானைக் கலந்து, குளிர வைத்துத்தான் சேமிப்பார்கள். ஊரடங்கில் வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்த தொட்டியில் அது நடக்கவில்லை. வெப்பமானி தொட்டியின் அடியில்தான் இருந்தது, சூடோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. 20 டிகிரியில் 5 மி.மீ., 100 டிகிரியில் 190, 145-ல் 760. கொதிநிலையைத் தொட்டபின் தொட்டி ஒரு பெரிய கெட்டில்தான். பக்கத்திலிருந்த ஆர்.ஆர்.வெங்கடாபுரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் ஆவி இறங்கியது, குறைந்தது 12 பேர் இறந்தார்கள்.

போபாலில் கதை வேறு, பொருளே வேறு. மெத்தில் ஐசோசயனேட் 39 டிகிரியிலேயே கொதிக்கும், 20 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் 348. பாதி வளிமண்டலம்! அதை 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்கத்தான் குளிர்பதனக் கருவி இருந்தது, பல மாதங்களாக அது ஓடவில்லை. 1984 டிசம்பர் 2 இரவு தண்ணீர் உள்ளே போய் வினை தொடங்கியபோது, 40 டன் திரவம் ஏற்கனவே கொதிநிலைக்கு ஒரு கைதூரத்தில் நின்றிருந்தது. உன் பாடப் புத்தகத்தில் ஆவி அழுத்தத்துக்குப் பக்கத்தில் 20 அல்லது 25 டிகிரி என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள் பார், பரீட்சைக்கு அதை விட்டுவிட்டாலும் வேலைக்குப் போன பிறகு விட்டுவிடாதே.

கற்பூரம் கரைந்துபோகாமல் இருக்க டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பார் என் பாட்டி. அறிவியல்படி வேலை செய்யுமா?

கற்பூரம், அந்துருண்டை மாதிரித் திடப்பொருள்களுக்கும் ஆவி அழுத்தம் உண்டு, உருகாமல் நேராக ஆவியாகும். (அந்துருண்டை என்றதும் ஒன்று: நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியைக் கைக்குழந்தைக்குப் போடாதீர்கள், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியாலேயே ரத்த அணுக்கள் சிதையும்.) கற்பூரத்துக்கும் மிளகுக்கும் நடுவே ஒன்றுமில்லை, மிளகு அதன் ஆவி அழுத்தத்தைக் குறைக்காது. டப்பாவின் காலி இடம் நிரம்பியதும் ஆவியாவது தானாக நின்றுவிடும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த ஒரு டப்பா ஆவி போய்விடும், அவ்வளவுதான் நஷ்டம். எங்கள் வீட்டிலும் மிளகு உண்டு. நான் மிளகைத் தொடவில்லை, பெரிய டப்பாவைச் சின்ன டப்பாவாக மாற்றி வைத்தேன். இப்போது சீக்கிரம் கரைவதில்லை, பேர் மிளகுக்குத்தான் போகிறது.